வேகவதியும் காஞ்சிபுரமும்

காஞ்சிபுரத்தை ஒட்டி ஓடும் வேகவதி, பாலாற்றின் துணையாறு. திருமுக்கூடலில் செய்யாறும் இதுவும் பாலாற்றோடு சேர்கின்றன. ஊரின் இரண்டு தலக்கதைகளில் இந்த ஆறு பெருவெள்ளமாகவே வருகிறது. ஏகாம்பரநாதர் கோயில் கதையில், வெள்ளத்தில் கரையாதபடி மணல் லிங்கத்தை அம்மன் தழுவிக் காக்கிறாள். யதோத்தகாரிப் பெருமாளோ, பாய்ந்துவரும் வேகவதியின் குறுக்கே அணையாகப் படுத்துக்கொள்கிறார். இப்போது ஆண்டின் பெரும்பகுதியில் இங்கே தெரிவது முட்புதரும் கழிவுநீரும்தான்.

ஆறு வறண்டதற்கு மூலகாரணம் ஊருக்கு மேற்கே இருக்கிறது. தாமல் போன்ற ஏரிகள் நிரம்பி உபரிநீர் வந்தால்தான் வேகவதியில் நீர் ஓடும். ஏரியில் வண்டல் மண்டி, வரத்துக்கால்வாய் தூர்ந்தால் ஆற்றுக்கு வழியில்லை. பாலாற்றின் நிலையும் இதுவே. 348 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றில் வெள்ளம் வருவதே செய்தியாகிவிட்டது. ஆனாலும் காஞ்சியின் குடிநீர் ஓரிக்கை, திருப்பாற்கடல் பகுதிகளில் அதன் மணலுக்கடியில் ஊறும் நீரையே நம்பியிருக்கிறது.

காஞ்சியின் பட்டுக்கும் தண்ணீர் வேண்டும். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அவிக்கும்போது, அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கான பசை கரைந்து வெளியேறுகிறது. பிறகு சாயத்தொட்டியில் முக்கி, சாயம் விடுவது நிற்கும் வரை அலசுகிறார்கள். பாலாற்றுத் தண்ணீரில்தான் பட்டு மின்னும் என்பது தொழிலாளர் நம்பிக்கை. அலசிய நீர் சுத்திகரிக்கப்படாமல் சாக்கடையில் சேர்ந்தால், அந்தத் தண்ணீரே கெடும். ஊரின் கழிவுநீரைச் சுமக்கும் மஞ்சள்நீர்க் கால்வாய் நத்தப்பேட்டை ஏரியில் போய் முடிகிறது. சாயப்பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் எந்த நதித் திட்டமும் முழுமை பெறாது.

2015, 2021 மழைகளில் வேகவதி தன் பழைய அகலத்தைக் கேட்டது. கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அங்கு வாழ்வோரை மாற்றிக் குடியமர்த்தக் கீழ்க்கதிர்ப்பூரில் 2,112 அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. ஆற்றுக்கு இடம் விடுவது சரியான கொள்கை. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் வால் ஆற்றின் கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். ஆனால் வேகவதிக் கரையில் வாழும் நெசவாளரின் குழித்தறிக்கு மண்தரை வேண்டும்; மாடி வீட்டில் குழி தோண்ட முடியாது. நெசவுக் குடும்பங்களுக்குத் தரைத்தளமும், மற்றவர்களுக்கு வேலையிடம் போய்வரப் பேருந்தும் தராத மறுகுடியமர்வு, அவர்களை மறுபடி கரைக்கே திருப்பி அனுப்பும்.