பழைய கணினிக்கு ரவுட்டர் வேலை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டர்கூட, தயாரித்த நிறுவனம் மென்பொருள் திருத்தங்களை நிறுத்திய பிறகு மெல்ல மெல்லப் பாதுகாப்பை இழக்கிறது. பழைய கணினிக்கு இந்தத் தலையெழுத்து இல்லை. லிங்க்சிஸ் நிறுவனம் 2003இல் தன் ரவுட்டர் ஒன்றின் மூலநிரலை வெளியிட நேர்ந்ததை ஒட்டிப் பிறந்த ஓப்பன்டபிள்யூஆர்டி, 2015இல் வந்த ஓபிஎன்சென்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் சாதாரணக் கணினியிலேயே இயங்கும். திருத்தங்களும் தொடர்ந்து வருகின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததால் ஓரங்கட்டப்படும் இயந்திரங்களுக்கு, வீட்டு இணையப் போக்குவரத்தைப் பிரித்தனுப்புவது பெரிய வேலையே அல்ல.

மின்கட்டணம் என்னாவது என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். 60 வாட் இழுக்கும் மேசைக் கணினி இரவு பகலாக ஓடினால் ஆண்டுக்கு 525 யூனிட் தின்னும். 10 வாட் ரவுட்டருக்கு 90 யூனிட்கூட ஆகாது. ஆகவே பென்டியம் 4 காலத்துப் பெட்டிகளை உயிர்ப்பிப்பது சிக்கனமல்ல, வெறும் ஆசை. மடிக்கணினியோ, அலுவலகங்கள் கழித்துக்கட்டும் சிறிய கணினியோ என்றால் கணக்கு மாறும். சும்மா இருக்கும்போது இவற்றில் பல 10, 15 வாட்டோடு நின்றுவிடும். (மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும்.) இணையத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு தேவைப்படும்போது ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள் துளைதானே இருக்கிறது என்பவர்களுக்கு யுஎஸ்பி அடாப்டர் உண்டு; ஆனால் மலிவானவை அடிக்கடி தொடர்பை அறுக்கும். வைஃபையைக் கணினியிடம் எதிர்பார்க்காமல், இருக்கிற ரவுட்டரை அக்சஸ் பாயின்டாக மாற்றி அதனிடமே விட்டுவிடலாம்.