இரும்புக்கை மாயாவி யார்? அப்பா தலைமுறையைக் கட்டிப்போட்ட சிவகாசி காமிக்ஸ்... பரணில் இருந்தால் எடைக்குப் போட்டுடாதீங்க!

இயக்குநர் லோகேஷ் கனகராஜின் கனவுப் படம் என்று அடிக்கடி செய்திகளில் அடிபடும் பெயர் 'இரும்புக்கை மாயாவி'. இருபதுகளில் இருப்பவர்களுக்கு அது ஒரு படத்தோட டைட்டில், அவ்வளவுதான். ஆனால், 50 வயதைத் தாண்டிய அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ அத்தையிடமோ அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்க. 'பாம்புத் தீவு', 'பாதாள நகரம்', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்' என்று தலைப்புகள் மளமளவென்று வந்து விழும். நேற்று சாப்பிட்டதே ஞாபகம் இல்லை என்பவருக்கு, ஐந்தாம் வகுப்பில் படித்த படக்கதை அட்டை ஞாபகம் இருக்கும்!

அப்படி என்ன இருந்தது அதில்? அந்தப் புத்தகங்களெல்லாம் இப்போ எங்கே?

யார் இந்த மாயாவி?

நிஜப் பெயர் லூயிஸ் கிராண்டேல். ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூட உதவியாளர். வலது கையை இழந்து, அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தப்பட்டவர். ஒருநாள் ஆய்வுக்கூட விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய, ஆள் அப்படியே மறைந்துபோவார். இரும்புக் கை மட்டும் மறையாது. வெறும் கை ஒன்று காற்றில் மிதந்து வந்து பெட்டகத்தைத் திறக்கும் காட்சியை நினைத்துப் பாருங்க. கிராஃபிக்ஸ் என்ற வார்த்தையே கேள்விப்படாத காலத்தில், பத்து வயசுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

முதலில் கெட்டவனாக வந்தவர், பிறகு திருந்தி 'நிழல் படை' என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆனார். மறைய வேண்டுமென்றால் அவருக்கு மின்சாரம் வேண்டும். அதைப் படித்துவிட்டு வீட்டு பிளக் பாயின்ட்டை ஒரு மாதிரியாகப் பார்த்த பசங்க உண்டு. நல்லவேளை, பெரும்பாலானோர் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்.

லண்டன் கதை சிவகாசிக்கு எப்படி வந்தது?

மாயாவி பிறந்தது 1962-ல், 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில். வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. பத்து வருஷம் கழித்து, 1972-ல் சிவகாசியைச் சேர்ந்த சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான்.

ஏன் சிவகாசி? பட்டாசு, தீப்பெட்டி லேபிள், காலண்டர் என்று ஊரே அச்சு இயந்திரச் சத்தத்தில் இயங்கியது. மெஷின், மை, பேப்பர், ஓவியர், பைண்டிங் ஆள் எல்லாம் கூப்பிடு தூரத்தில். கதை மட்டும்தான் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. அதை வெளிநாட்டு நிறுவனங்களிடம் உரிமை வாங்கித் தமிழாக்கினார்கள். லண்டனில் வாரம் சில பக்கமாக வந்த கதை, இங்கே ஒரே புத்தகத்தில் முழுசாகக் கையில் கிடைத்தது. மாயாவிக்குப் பின்னாலேயே ஜானி நீரோ, லாரன்ஸ்–டேவிட், மாண்ட்ரேக், ரிப் கெர்பி என்று ஒரு பட்டாளமே வந்தது.

அடுத்த பெரிய அலை 1984. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன், தன் பதின்வயதிலேயே 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்திலிருந்து 'ராணி காமிக்ஸ்' ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்ட புத்தகங்களில் பாதி காமிக்ஸ் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொன்னால், மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதில் என்ன ஸ்பெஷல்?

லயன் காமிக்ஸில் வந்த 'ஸ்பைடர்' கதையைப் பாருங்க. இது ஸ்பைடர்மேன் இல்லை. கூர்மையான காது, கறுப்பு உடை, குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்ற ஆசை. 'எத்தனுக்கு எத்தன்' என்ற தலைப்பில் தமிழுக்கு வந்த இந்த வில்லன்–ஹீரோவின் பல கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆமாம், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்!

ஸ்பைடர் முதலில் வந்த 'லயன்' என்ற பிரிட்டிஷ் வார இதழ் 1974-ல் நின்றுபோனது. 'வேலியன்ட்' 1976-ல் நின்றது. சொந்த ஊரில் இதழ்களே மூடப்பட்ட பிறகும், அந்த ஹீரோக்கள் விருதுநகரிலும் திருச்சியிலும் சேலத்திலும் புதுசாக ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இங்கிலாந்து மட்டும் இல்லை. டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர்களின் படைப்பு. லக்கி லுக்கும், தமிழில் 'இரத்தப் படலம்' ஆன கதையும் பெல்ஜியத்துச் சரக்கு. அமெரிக்காவிலேயே இவையெல்லாம் பெரிய அளவில் பேசப்படாத காலத்தில், தமிழ்நாட்டில் ஒரு எட்டாம் வகுப்பு மாணவர் இந்த மூன்று நாட்டுப் படக்கதைகளையும் தமிழில் படித்து முடித்திருப்பார்.

ஏன் இன்னும் மறக்க முடியலை?

'சின்ன வயசு, அதான்' என்று சொல்லிவிடலாம். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை.

ஒன்று, பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகமே இல்லாத வீடுகள் அப்போது ஏராளம். அங்கே ஒரு பையனோ பெண்ணோ தானாக விரும்பி, முழுசாகப் படித்து முடித்த முதல் புத்தகம் பல நேரம் காமிக்ஸ்தான். பலூனுக்குள் சின்னச் சின்ன வாக்கியம். புரியாத வார்த்தைக்குப் படமே அர்த்தம் சொல்லும். 'நாமளும் ஒரு புத்தகத்தை முடிச்சிட்டோம்' என்ற அந்த நம்பிக்கை சாதாரண விஷயமா?

இரண்டு, அது தனியாகப் படித்த புத்தகம் இல்லை. ஒருத்தர் வாங்கினால் தெருவே படிக்கும். வாடகை நூலகத்தில் காத்திருக்கணும். 'நீ மாயாவி கொடு, நான் ஸ்பைடர் தர்றேன்' என்று பண்டமாற்று நடக்கும். கொடுத்த புத்தகம் திரும்பி வராமல் நட்பே முறிந்ததும் உண்டு.

மூன்று, தடை. பல வீடுகளில் காமிக்ஸ் என்றால் 'படிப்பைக் கெடுக்கிற சமாச்சாரம்'. வரலாற்றுப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தால் ருசி கூடத்தானே செய்யும்!

இப்போ கிடைக்குதா?

கிடைக்கிறது. நடுவில் தடுமாறிய லயன்–முத்து, 2012-ல் 'கம்பேக் ஸ்பெஷல்' இதழோடு நல்ல தாளில், வண்ணத்தில் திரும்பி வந்தது. பழைய மாயாவி கதைகளும் மறுபதிப்பு கண்டன. பிரிட்டனிலும் 'ரெபெல்லியன்' நிறுவனம் பழைய காமிக்ஸ் உரிமைகளை வாங்கி, மாயாவியையும் ஸ்பைடரையும் மீண்டும் புத்தகமாகக் கொண்டுவந்தது.

மறுபதிப்பு இருக்கே, பழைய பிரதி எதுக்கு?

நியாயமான கேள்வி. கதை மட்டும்தான் வேண்டும் என்றால் மறுபதிப்பே போதும். ஆனால் பழைய இதழில் கதையைத் தாண்டியும் நிறைய இருக்கிறது. ஆசிரியர் வாசகரிடம் பேசிய பக்கம், வாசகர் கடிதங்கள், 'அடுத்த வெளியீடு' விளம்பரம், அன்றைய விலை, உள்ளட்டையில் பால்பாயின்ட் பேனாவில் எழுதிய பெயரும் வகுப்பும். ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் என்ன படித்தார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பதற்கான சாட்சி அங்கேதான் இருக்கிறது.

இதுக்கெல்லாம் மதிப்பு உண்டா என்று தோன்றினால், ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டையூரில் வாழ்ந்த இவர் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் சேர்த்துவைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்து 1994-ல் உருவானதுதான் சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மலிவான அச்சு என்று யாரும் மதிக்காததுதான், பின்னால் ஆய்வாளர்கள் தேடி வரும் ஆவணமாகிறது.

காமிக்ஸுக்கு ஆபத்து இரண்டு பக்கம். ஒன்று பேப்பர். நியூஸ்பிரின்ட் தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, அப்பளம் மாதிரி உடையும். இன்னொன்று நாம். வீடு மாறும்போது, வெள்ளையடிக்கும்போது, 'இந்தக் குப்பை எதுக்கு?' என்று பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுவது. 1972-ல் பத்து வயதாக இருந்த முதல் வாசகர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அந்தப் பரண்களைக் காலி செய்யப்போவது அவர்கள் இல்லை, நாமதான்.

பரணில் கிடைத்தால் என்ன செய்யணும்?

* கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீங்க. சில வருஷத்தில் பசை பழுத்துக் கறையாகும். லேமினேஷனும் வேண்டாம்.
* ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்க. துரு தாளைத் தின்றுவிடும்.
* வெயிலும் ஈரமும் படாத அலமாரியில், படுக்கைவாட்டில் அடுக்குங்க. பரணின் சூடு தாளுக்கு ஆகாது.
* அட்டை, விலை, வெளியீட்டு எண், மாதம் தெரியும்படி போனில் படம் எடுத்து ஒரு பட்டியல் போடுங்க.
* முழுப் புத்தகத்தையும் பி.டி.எஃப் ஆக்கி வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றவிடாதீங்க. கதைகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். குறைந்த பிரதிகள் விற்று வண்டியை ஓட்டும் தமிழ்ப் பதிப்பகத்துக்கு அது நேரடி அடி.
* வேண்டாம் என்று முடிவு செய்தால், எடைக்குப் போடும் முன் ஒரு சேகரிப்பாளரிடமோ ஆய்வு நூலகத்திடமோ கேளுங்க.

புத்தகமே இல்லையா? பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணிவிட்டு, 'முதல்ல எந்த காமிக்ஸ் படிச்சீங்க? எந்தக் கடையில வாங்குனீங்க?' என்று அப்பாவிடமோ அத்தையிடமோ கேளுங்க. கடை பெயர், விலை, யாரிடம் இரவல் வாங்கினார், யாரிடம் அடி வாங்கினார் எல்லாம் வரும். அந்தத் தகவல் எந்த மறுபதிப்பிலும் கிடைக்காது.