ஏற்ற பயிற்சி எது?

இதயமும் நுரையீரலும் வலிமை பெற விரைநடை, ஓட்டம், மிதிவண்டி ஓட்டுதல், நீச்சல் ஆகியவை துணைபுரிகின்றன. இவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பது? ஒரே நேர அளவில் ஓட்டம் நடையைவிட மிகுதியான ஆற்றலைச் செலவிடும்; ஆயினும், முழங்கால்களில் அதன் தாக்கமும் மிகுதி. எனவே, உடல் எடை மிகுந்தோர் விரைநடையில் தொடங்குவது நன்று. நீச்சலில் நீரின் மிதப்பு விசை உடலைத் தாங்குவதால் மூட்டுகளின் சுமை குறைகிறது.

5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. பயிற்சியின்போது பேச இயலும், ஆனால் பாட இயலாது என்னும் நிலையே மிதமான வேகத்திற்கு அடையாளம். பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயல்வது வளரிளம் பருவத்தினருக்குத் தீங்கு விளைவிக்கும். சில நாள்களில் கைவிடப்படும் கடும்பயிற்சியைவிட, இடையறாது தொடரும் எளிய பயிற்சியே பயன் மிக்கது.