ஒரே வயல், இரு கூலி

நடவுக் காலத்தில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வருவோர், சாலையின் இரு மருங்கிலும் பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பதைக் காணலாம். ஏர் ஓட்டுதல், அண்டை வெட்டுதல், நாற்றுக் கட்டுச் சுமத்தல் ஆகியன ஆண் வேலை. நடவும் களையெடுப்பும் பெண் வேலை. இப்பிரிவினையை ஏற்படுத்தியவர் யாரென்று எவரும் அறியார். ஆண் வேலைக்கு ஒரு கூலி, பெண் வேலைக்கு அதனினும் குறைந்த கூலி என்பதை மட்டும் எல்லாரும் அறிவர். ஏர் போய் டிராக்டர் வந்தது. அதை ஓட்டுபவரும் ஆண்தான். முழங்கால் சேற்றில், முதுகு நிமிராமல், பொழுதெல்லாம் நிற்பது எளிய வேலை என்று முடிவு செய்தவர்கள் வரப்பின்மேல் நின்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

சட்டம் இல்லாமற் போகவில்லை. அனைத்துலக மகளிர் ஆண்டாகிய 1975-இல் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி ஒரே ஊதியம் தரவேண்டும் என்றது. (அதன் இடத்தில் இப்போது 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் இருக்கிறது.) ஆனால் "நடவும் அண்டை வெட்டும் ஒரே வேலையா, சாமி?" என்று கேட்டுவிட்டால் சட்டம் வரப்போடு நின்றுவிடுகிறது. வேலையைப் பிரித்து வைத்துவிட்டால் கூலியையும் பிரித்து வைத்துவிடலாம்.

இதனோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் பெரும்பாலும் சொல்லியனுப்புவது காலனிக்குத்தான். அங்கிருந்து வரும் பெண்ணுக்குப் பெண் என்பதால் கூலி குறைவு. காலனிப் பெண் என்பதால் அக்குறைந்த கூலியையும் எதிர்த்துப் பேச வாயில்லை. கைமாற்று வாங்கிய வீட்டாரின் வயலில் நின்றுகொண்டு கூலி பேசுவது எங்ஙனம்? நம் ஆலயங்களில் முழந்தாளிட்டுச் செபிக்கும் தாய்மார்கள் பலர் இவர்களே. பிள்ளையைப் படிக்க வைத்துக் கரையேறலாம் என்றால், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. சீக்கியரை 1956-இலும், பௌத்தரை 1990-இலும் அவ்வாணையில் சேர்த்தார்கள். ஊராருக்கு இவள் காலனிப் பெண்ணின் மகள். வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் மட்டும் அல்லள்!

இந்நிலையில் ஒரு மாற்றம் நம் மாவட்டத்திற்கு வந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரி 2-ஆம் நாள் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழகத்தின் ஆறு மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. மக்கள் அதை 'நூறு நாள் வேலை' என்றார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 80 ரூபாய். நடவில் பெண்கள் பெற்றதைவிட அது மிகுதி. ஒப்பந்தக்காரர் இல்லை. ஐந்தோ அதற்கு மேலோ சிறு குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் அதே கூலி என்று சட்டமே சொல்லியது. ஏரிக்கரையில் குழந்தையைத் தூங்கவைப்பதும் கூலிக்குரிய வேலை என்று ஓர் அரசு எழுதி வைத்ததை நான் சிறிய செய்தியாக எண்ணவில்லை. தோண்டிய மண்ணை அளந்து கூலியைக் குறைத்த நாள்களும் உண்டு. ஆயினும் தமிழகத்தில் இவ்வேலை நாள்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களே செய்தார்கள். வேறோரிடத்தில் கூலி கிடைக்கும் என்ற நிலை வந்ததும், வயலில் கூலி பேச அவர்களுக்கு வாய் வந்தது.

"ஆள் கிடைப்பதில்லை, எல்லாரும் ஏரியில் உட்கார்ந்து விடுகிறார்கள்" என்ற மனத்தாங்கல் நம் பங்கு மக்களில் நிலமுடையவர்களிடமும் உண்டு. உர விலையும் டீசல் விலையும் அவர்களை வாட்டுவது மெய்யே. ஆனால் டீசல் விலை ஏறியதற்காக டிராக்டர்க்காரரிடம் கூலியைக் குறைப்பாருண்டோ? நடவுப் பெண்களிடம் மட்டும் குறைக்கிறோம். "அவர்களாகவே ஒப்புக்கொண்டு வருகிறார்களே" என்பது அடுத்த விடை. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இதற்கு மறுமொழி இருக்கிறது: வேறு வழியின்றி, அச்சத்தால் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்பவன் வன்முறைக்கும் அநீதிக்கும் இரையானவன் என்பது அவர் கருத்து.

2025 டிசம்பரில் அந்த வேலை உறுதிச் சட்டத்திற்குப் பதிலாக வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. நூறு நாள் 125 நாளாக உயர்ந்திருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் இவ்வேலையை நிறுத்தி வைக்கவும் அது வகை செய்கிறது. பெண் தன் கூலியைப் பேசக்கூடிய நாள்கள் அவைதாம். அந்நாள்களில் ஏரி வேலை இல்லையென்றால், வரப்பில் நிற்பவர் சொல்லும் கூலிக்கே அவள் சேற்றில் இறங்க வேண்டும். எனவே அடுத்த நடவுக்கு ஆள் அழைக்கவிருக்கும் நம் குடும்பத் தலைவர்கள், காலனிக்குச் சொல்லியனுப்பும்போதே பெண்களின் கூலி எவ்வளவு என்பதையும், அதே நாளில் அண்டை வெட்டுபவருக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்லியனுப்புங்கள்.