கப்பல் வராத வாரத்தில் ஒரு விருந்து

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் எட்டுப் பேர் எங்கள் வீட்டிற்கு உணவருந்த வருவதாக இருந்தது. வியாழக்கிழமை காலை கடைத்தெருவிற்குச் சென்ற என் கணவர், ஏறத்தாழ வெறும் பையோடு திரும்பினார். வங்கக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வர வேண்டிய கப்பல்கள் வரவில்லை. அபெர்தீன் பஜாரில் வெங்காயக் கூடைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன, உருளைக்கிழங்கு இல்லை, இருந்த சில தக்காளிகளின் விலையைக் கேட்டுவிட்டு அவர் திரும்பிவிட்டார்.

அந்தமானுக்குப் பணி மாற்றம் பெற்று நாங்கள் வந்த முதல் ஆண்டின் மழைக்காலம் அது. இன்று ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்படும் தலைநகரம், அப்போது போர்ட் பிளேர் என்ற பெயரோடு இருந்தது. வெங்காயச் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், தக்காளி ரசம் என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் அனைத்துமே கப்பலில் வர வேண்டியவை. விருந்தைத் தள்ளிவைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவ்வாறு தள்ளிவைத்திருந்தால், இந்தத் தீவின் சமையலை நான் அறியாமலேயே திரும்பியிருப்பேன்.

இரண்டு மழைகளின் நிலம்

வங்கக் கடலின் கிழக்கே 836 தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாகப் பரந்து கிடப்பது அந்தமான் நிக்கோபார். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவு. கப்பலில் சுமார் மூன்று நாள் பயணம். நம் நாட்டிற்குத் தென்மேற்குப் பருவமழை முதலில் வந்து சேர்வது இத்தீவுகளின் வழியாகத்தான். மே மாதத்தின் மூன்றாவது வாரத்தில் தொடங்கும் மழை, வடகிழக்குப் பருவமழையோடும் கைகோத்து டிசம்பர் வரை நீள்கிறது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டுமே வறண்ட காலம்.

ஆகவே இங்கே காய்கறிக்கு இரண்டே பருவங்கள். வறண்ட மாதங்களில் வயல்களில் கத்தரி, தக்காளி, முள்ளங்கி, அவரை முதலியன விளைகின்றன. மழை மாதங்களில் மென்மையான செடிகள் அழுகிவிடும். கொடிகளும் கிழங்குகளும் கீரைகளும் மரங்களுமே நிலைத்து நிற்கும். பூசணி, பாகல், பீர்க்கு, புடலை, வெண்டை, தட்டைப்பயறு, கொடிப்பசலை, நீரில் படரும் வள்ளைக்கீரை, சேனை, சேம்பு, மரவள்ளி, வாழைக்காய், வாழைப்பூ ஆகியவை அக்காலத்தின் செல்வங்கள். நீல் தீவு என்று முன்பு அறியப்பட்ட ஷஹீத் தீவு, தலைநகரத்திற்குக் காய்கறி அனுப்பும் தோட்டமாகவே பெயர் பெற்றது.

இவை யாவும் அந்த வியாழக்கிழமையும் சந்தையில் இருந்தன. என் பட்டியலில் இல்லாததால் எங்கள் கண்ணில் படவில்லை.

பக்கத்து வீட்டு மாஷிமா

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வங்காள மூதாட்டி இருந்தார். தெருவில் அனைவரும் அவரை ‘மாஷிமா’ என்றே அழைப்பர். சித்தி, பெரியம்மா என்பதைப் போன்ற உறவுச்சொல் அது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து இத்தீவுகளில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுள் ஒன்று அவருடையது. சிறுமியாகக் கப்பலில் வந்து இறங்கியபோது, தம் தாயாரின் சேலை முந்தானையில் பூசணி விதைகள் முடியப்பட்டிருந்தன என்று சொல்வார். சிப்பிகாட் பகுதியில் அவர்கள் பயிரிட்ட நெல்வயலில் ஒரு பகுதி, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது கடல்நீருக்குள் போயிற்று. நிலமே தாழ்ந்துவிட்டதால் அந்நீர் வடியவேயில்லை. வீட்டு முற்றத்துத் தோட்டம் மட்டுமே அவர் கையில் எஞ்சியது.

எங்களிடம் அன்பாகப் பழகுவார். ஆனால் எங்கள் வீட்டில் தேநீருக்கு மேல் எதையும் உட்கொண்டதில்லை. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். கைம்பெண்கள் மீன், வெங்காயம், பூண்டு ஆகியவற்றைத் தொடலாகாது என்பது அவர் வளர்ந்த காலத்து வங்காளக் குடும்பங்களின் கட்டுப்பாடு. எங்கள் அடுப்பில் நாள்தோறும் வெங்காயம் வதங்கும் மணம் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லி எங்களைச் சங்கடப்படுத்தியதில்லை. தேநீர்க் கோப்பையோடு எழுந்துவிடுவார்.

அன்று வேலிக்கு அப்பாலிருந்து என் கவலையைக் கேட்டவர் சிரித்துவிட்டார். “வெங்காயம் இல்லாமல் விருந்தா என்கிறாயா, மா? என் அடுப்பு வெங்காயத்தைப் பார்த்து நாற்பது வருடம் ஆகிறது. பசியோடு யாரையும் நான் அனுப்பியதில்லை” என்றார்.

அந்தச் சொல் என் பாட்டியின் அடுக்களையை நினைவுக்குக் கொண்டுவந்தது. அமாவாசையன்றும் திவச நாட்களிலும் எங்கள் வீட்டில் வெங்காயமும் இல்லை, சீமைக் காய்கறிகளும் இல்லை. வாழைக்காய், சேனை, சேம்பு, புடலை, பூசணி ஆகியவற்றைக் கொண்டே இலை நிறையப் பரிமாறுவார். அந்த நாட்டுக் காய்கள் அனைத்தும் இம்மழைத் தீவில் கூறு கட்டி விற்கப்படுகின்றன. மறுநாள் விடியற்காலையிலேயே ஜங்லிகாட் சந்தைக்கு நானே சென்றேன்.

நான்கு உணவுகள்

அந்த ஞாயிறன்று பரிமாறியவற்றுள் நான்கின் செய்முறையை இங்கே தருகிறேன். நம் ஊர்ச் சந்தைகளில் கிடைப்பவற்றைக் கொண்டும் இவற்றைச் செய்யலாம். அளவுகள் எட்டுப் பேருக்கானவை.

*பூசணிக்காய்ச் சொக்கா (மாஷிமாவின் முறை):* மஞ்சள் பூசணி 1 கிலோ, இரண்டு வாழைக்காய், முந்தின இரவே ஊறவைத்து வேகவைத்த கறுப்புக் கொண்டைக்கடலை 150 கிராம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் ஒரு கைப்பிடி. கடுகு எண்ணெய் 4 மேசைக்கரண்டியைப் புகையும்வரை காய்ச்சி, தணலைக் குறைத்து, வெந்தயம், சீரகம், சோம்பு, கருஞ்சீரகம், கடுகு ஆகிய ஐந்தும் சம அளவில் கலந்தது 1 தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 3, பெருங்காயம் ஒரு சிட்டிகை தாளிக்கவும். இஞ்சி விழுது 1 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள், சீரகத்தூள் சேர்த்து வதக்கி, முதலில் வாழைக்காயையும் சற்றுப் பின்னர்ப் பூசணியையும் போட்டு மூடிவிடவும். பூசணியின் நீரே போதும். ஒட்டுவது போலிருந்தால் மட்டும் சிறிது நீர் தெளிக்கலாம். காய் வெந்ததும் கடலை, தேங்காய், உப்பு, சிறிதளவு சர்க்கரை சேர்த்துக் கிளறி, ஒரு கரண்டி நெய் விட்டு இறக்கவும்.

*சீமைப்பலா வறுவல்:* ஈரப்பலா என்றும் சொல்லப்படும் இக்காய் உருளைக்கிழங்கின் இடத்தை நன்றாகவே நிரப்புகிறது. நன்கு முற்றிய, பழுக்காத காய் ஒன்றைத் தோல் சீவி, நடுத்தண்டை நீக்கி, விரற்கடை கனத்தில் நறுக்கி, உப்பு நீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து வடித்துக்கொள்ளவும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு பிசறி, தேங்காய் எண்ணெயில் இருபுறமும் சிவக்க வறுக்கவும். காயை அரியும்போது பால் ஒட்டும். கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது.

*பர்மா தனியாத் துவையல்:* தீவில் பெரும்பாலான வீட்டு முற்றங்களில் நீண்டு, ஓரம் முள்முள்ளாக இருக்கும் ஓர் இலையைக் காணலாம். பர்மா தனியா என்பது அதன் பெயர். நம் கொத்தமல்லி மழையில் அழுகிவிடும். இதுவோ நிழலிலும் ஈரத்திலும் செழிக்கும். மணம் மிகுதி என்பதால் கொத்தமல்லியின் மூன்றில் ஒரு பங்கு போதும். பதினைந்து இலைகள், அரை மூடித் தேங்காய், பச்சைமிளகாய் 4, இஞ்சி ஒரு துண்டு, உப்பு ஆகியவற்றைக் கெட்டியாக அரைத்து, எலுமிச்சைச் சாறு பிழியவும்.

*சேப்பங்கிழங்கு மோர்க்குழம்பு:* அரை கிலோ கிழங்கை வேகவைத்துத் தோலுரித்துக்கொள்ளவும். ஊறவைத்த துவரம்பருப்பு 2 மேசைக்கரண்டி, தேங்காய்த் துருவல் அரைக் கோப்பை, சீரகம், பச்சைமிளகாய் 5 ஆகியவற்றை அரைத்து, மஞ்சள்தூளும் உப்பும் கலந்த நீரில் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடவும். கிழங்கைச் சேர்த்து, கடைந்த புளித்த மோர் ஒரு லிட்டரை ஊற்றி, நுரை கூடும் தருணத்தில் இறக்கவும். தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளிக்கவும்.

இவற்றோடு எலுமிச்சை ரசமும், பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பாயசமும் இருந்தன. மாஷிமா தம் கொடியில் பறித்த பூசணிப் பூக்களைக் கொண்டுவந்து, அரிசி மாவில் தோய்த்து அங்கேயே பொரித்தார்.

விருந்தினர் கையில் வந்தவை

இத்தீவுகளில் வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசுவோரும், சோட்டா நாக்பூர் பகுதியிலிருந்து காட்டு வேலைக்காக வந்தோரின் வழியினரும், பர்மாவிலிருந்து வந்த கரேன் இனத்தவரும் அருகருகே வாழ்கின்றனர். பொது மொழி இந்தி. எங்கள் விருந்தினரும் அவ்வாறே பல ஊர்க்காரர்கள். கடைத்தெருவின் நிலையை அனைவரும் அறிந்திருந்தனர். ஆகவே யாரும் வெறுங்கையோடு வரவில்லை.

தெலுங்குக் குடும்பத்தினர் புளிச்சக்கீரைப் பச்சடி கொண்டுவந்தனர். வெங்காயமும் பூண்டும் சேர்க்கவேண்டாம் என்று நான் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன். ‘ராஞ்சிக்காரர்கள்’ என்று தீவில் குறிப்பிடப்படும் சமூகத்தைச் சேர்ந்த நண்பர், மழையில் முளைத்த மூங்கில் குருத்தைச் சமைத்து எடுத்து வந்தார். மெல்லியதாக அரிந்து, இருமுறை கொதிக்கவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்ட பின்னரே அதைச் சமைக்க வேண்டும் என்றும், பச்சையாக உண்டால் கேடு என்றும் அவர் எச்சரித்தார்.

தீவு தரும் சில குறிப்புகள்

விருந்தைப் பகலில் வைத்துக்கொள்வதே இங்கு வசதி. கிழக்கே வெகுதூரம் தள்ளியிருப்பதால் மாலை ஆறு மணிக்குள் இருட்டத் தொடங்கிவிடும். டிசம்பரில் ஐந்து மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுவான்.

வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் தேங்காய் சேர்ந்த உணவு விரைவில் கெடும். துவையலையும் குழம்பையும் விருந்தினர் வருவதற்குச் சற்று முன்னரே செய்து, அன்றே முடித்துவிட வேண்டும். உப்புச் சாடியில் சில அரிசி மணிகளைப் போட்டுவைத்தால் உப்பு நீர்த்துப்போகாது. பருப்பு, புளி, மிளகாய் போன்றவற்றை மே மாதத்திற்கு முன்னரே வாங்கிக் காற்றுப் புகாத கலங்களில் சேமிப்பது தீவுக் குடும்பங்களின் வழக்கம்.

வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கம் உடையவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அந்த மாதக் குறிப்பேட்டைப் பார்த்தபோது, எட்டுப் பேருக்கு விருந்து வைத்த வாரத்தில் காய்கறிக்கு ஆன செலவு, மற்ற வாரங்களைவிடக் குறைவாக இருந்தது. கடல் கடந்து வரும் காயின் விலையில் கப்பல் கூலியும், வழியில் அழுகிய பங்கும் சேர்ந்தே இருக்கின்றன. அதன் பின் எங்கள் வீட்டில் முதலில் சந்தையைப் பார்த்தோம். பிறகுதான் பட்டியலை எழுதினோம்.

ஒரு கவளம்

எல்லோரும் அமர்ந்தபின் நான் மாஷிமாவைப் பார்த்தேன். வழக்கம்போல அவர் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் என் கணவரிடம், “இன்று உங்கள் வீட்டில் எதிலும் அது இல்லை அல்லவா?” என்று கேட்டார். “இல்லை, மாஷிமா. கடைத்தெருவிலேயே இல்லை” என்றார் அவர். இலை போடச் சொல்லி அமர்ந்தார். மோர்க்குழம்பைச் சோற்றோடு பிசைந்து முதல் கவளத்தை உண்டுவிட்டு, கடுகு எண்ணெயில் தாளித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். அனைவரும் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை கப்பல் வந்தது. பஜாரில் வெங்காயம் மீண்டும் குவிந்தது, நாங்களும் வாங்கினோம். ஆனால் தீவில் இருந்த ஆறு ஆண்டுகளும், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுப்பில் வெங்காயம் ஏறவில்லை. அன்று மாஷிமாவுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.