பழைய லான்ட் றோவர்: முதற் காசை எதில் போடுவது?

எமது பிரதேசத்தில் ஜீப் என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில், திருகோணமலை வீதியில் இருக்கிறது சித்தாண்டி. கோயிலும் பாடசாலையும் கடைகளும் தார் வீதியோரம் இருக்கின்றன. வயல்களும் மாட்டுப் பட்டிகளும் மேற்கே ஈரளக்குளம், குடும்பிமலை, மயிலத்தமடு, மாதவணை என்று உள்ளே போகின்றன. கோடையில் புழுதி, மாரியில் சேறு, மார்கழியில் வெள்ளம். அந்தப் பாதையில் ஓட்டோவும் காரும் அதிக தூரம் போகா. உழவு இயந்திரம் போகும். ஆனால் கடும் காய்ச்சல்காரரையோ பிள்ளைத்தாய்ச்சியையோ அதன் பெட்டியில் வைத்து மணிக்கணக்காகக் குலுக்கிக்கொண்டு வருவது எவ்வளவு கொடுமை என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னரும் வரியோடு சேர்த்துப் பார்த்தால், நான்கு சில்லும் இழுக்கும் புதிய வண்டி ஒன்று விவசாயியின் கைக்கு எட்டாது. ஆகவே பலர் பழைய ஜீப்புகளைத் தேடுகிறார்கள். வயலுக்கும் பட்டிக்கும் மட்டுமல்ல, அரிசி பருப்பைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கதிர்காமம் போய்வரவும், இடம்பெயர்ந்த ஊர்களைப் பார்த்துவரவும் அது உதவும் என்பது அவர்கள் கணக்கு.

நான் சீரிஸ் 3 லான்ட் றோவர் ஒன்றை வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு வரும் தம்பிமார் கேட்பது பெரிய ரயர், உயர்த்திய ஸ்பிரிங், வின்ச் ஆகியவற்றைப் பற்றித்தான். நான் சொல்லும் வரிசை வேறு. முதற் காசு வண்டி நிற்பதற்கு, அடுத்தது சூடேறாமல் இருப்பதற்கு, அதற்கடுத்தது போன இடத்திலிருந்து திரும்பி வருவதற்கு. மிச்சம் இருந்தால் அழகுக்கு.

தட்டுப்பாட்டில் பிறந்த வண்டி

லான்ட் றோவர் முதன்முதலாக 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குக்குக் கட்டுப்பாடு இருந்ததால் அதன் உடலை அலுமினியத்தில் செய்தார்கள். வளைவுகள் குறைந்த தகடு, திறந்து பார்க்கக்கூடிய என்ஜின், சாதாரண சாவிகளால் கழற்றக்கூடிய நட்டுகள். கணினி எதுவும் இல்லை. ஊர் மெக்கானிக் பாஸ் ஒருவர் கையால் திருத்தக்கூடிய வண்டி என்பதே அதன் பலம்.

இந்தப் பாடம் எமக்குப் புதிதல்ல. 1990களில் எரிபொருள் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சிறிதளவு பெற்றோல் விட்டு இயக்கி, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்தம் குறைந்த பழைய என்ஜின்கள் அதைத் தாங்கின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலைத் தண்ணீராக்கியதால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. இந்தியாவின் டார்ஜிலிங் மலைகளில், மனேபஞ்சாங் என்ற ஊரிலிருந்து 3,636 மீற்றர் உயரமான சந்தக்பு வரை 1950களின் லான்ட் றோவர்கள் பிழைப்புக்காக ஓடியிருக்கின்றன. கைக்கு எட்டும் உதிரிப்பாகமும் அதைப் பூட்டத் தெரிந்த கையும் இருந்தபடியால்தான் அவை அத்தனை காலம் நின்றுபிடித்தன.

வாங்கும் முன் வண்டிக்குக் கீழே படுங்கள்

அலுமினிய உடல் கறள் பிடிக்காது. அதைத் தாங்கும் சட்டம் உருக்கு; அது உள்ளிருந்தே கறள் பிடிக்கும். வாவிக்கரையில் ஓடிய வண்டி என்றால் உப்பு நீர் அந்த வேலையை விரைவாகச் செய்திருக்கும். சிறிய சுத்தியலால் சட்டத்தை முன்னிருந்து பின்வரை தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் உருக்கு இருக்கிறது. மந்தமான சத்தம் வந்தால் வர்ணத்துக்குக் கீழே கறள்தான். என்ஜினை மாற்றலாம், கியர்பெட்டியை மாற்றலாம். சட்டம் போன வண்டியை வாங்கினால் செலவுக்கு முடிவில்லை.

என்ஜின் மாற்றிய வண்டி என்றால், பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கமும் எரிபொருள் வகையும் வண்டியோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஆவணம் சரியில்லாத வண்டியோடு சோதனைச் சாவடியில் நிற்பது எப்படியென்று எம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிறேக், தண்ணீர், ஒயில்

பழைய சீரிஸ் வண்டிகள் பலவற்றில் நான்கு சில்லுக்கும் ஒரே பிறேக் குழாய்த் தொகுதிதான். ஓரிடத்தில் வெடித்தால் முழு பிறேக்கும் போய்விடும். ஆகவே முதற் செலவு ரப்பர் குழாய்கள், சில்லு சிலிண்டர்கள், பிறேக் ஒயில். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக வேலை செய்யும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பூட்டுவதே முதல் மேம்படுத்தல்.

அடுத்தது சூடு. "எங்கட நாட்டுச் சூட்டுக்கு தேர்மோஸ்டற் தேவையில்லை" என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் உண்டு. அது தவறு. என்ஜின் உரிய வெப்பத்துக்கு வராமல் ஓடினால் ஒயில் சேறாகும், தேய்மானம் கூடும். வண்டி சூடேறினால் றேடியேற்றர் அடைப்பு, வோட்டர் பம், பெல்ற் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குளத்து நீரை றேடியேற்றருக்குள் விடாதீர்கள்.

டீசல் வண்டிக்கு, நீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்று கட்டாயம். கலனில் அடைத்து வைத்த டீசலில் நீர் சேரும். அது பம்பையும் இன்ஜெக்டரையும் தின்றுவிடும்.

மலிவாகச் செய்யும் சில வேலைகள் பெரும் பயன் தரும். முன் விளக்குகளுக்கு றிலே பூட்டினால் வெளிச்சம் கூடும். யானை நடமாடும் குடும்பிமலைப் பாதையில் அது உயிர்காக்கும் செலவு. வாகரைப் பக்கத்து மணலில் ரயர்க் காற்றை 20 பீ.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினாலே பாதிக் கஷ்டம் தீரும். தாருக்கு ஏறும்போது திரும்ப அடிக்க ஒரு கால் பம் போதும். நான்கு சில்லு இழுவையை மணலிலும் சேற்றிலும் மட்டும் போடுங்கள். தார் வீதியில் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று இழுபட்டு பாகங்கள் உடையும். பெரிய ரயரும் அப்படித்தான். சீரிஸ் வண்டியின் பின் அச்சுத் தண்டு அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

வெள்ளத்தில் வீரம் வேண்டாம்

2024 நவம்பரில் அம்பாறை மாவட்டம் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடிபட்டுப் பிள்ளைகள் பலியானார்கள். உழவு இயந்திரத்தையே புரட்டிய நீர் ஜீப்பை விடாது. இரண்டடி ஆழத்தில் ஓடும் நீர் பெரும்பாலான வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். தடி ஊன்றி நடந்து கடக்கத் துணியாத நீரில் வண்டியை இறக்கக் கூடாது.

அசையாத நீர் என்றால், கீழ் கியரில், ஒரே வேகத்தில், இடையில் கியர் மாற்றாமல் கடக்கலாம். நடுவில் என்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் அது அமுங்காது. உள்ளே தண்டு வளைந்துவிடும். கரை சேர்ந்ததும் பிறேக்கை மெல்ல மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி உலர வையுங்கள். மறுநாள் டிபரன்சல் ஒயிலைப் பாருங்கள். பாலும் தண்ணீருமாக வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். வாவி நீரில் இறங்கிய வண்டியை அன்றே நன்னீரால் கழுவ வேண்டும்.

இன்னொன்று. மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. வடக்கில் அந்தப் பணி இன்னும் முடியவில்லை. வன்னிப் பயணம் போகிறவர்கள், வண்டி எங்கும் போகும் என்பதற்காகத் தடம் இல்லாத காட்டில் இறங்க வேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக எமது பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். நிலத்தை யார் ஆள்வது என்ற அந்த வழக்கை ஒரு பழைய ஜீப் தீர்க்காது. ஆனால் போகாமல் விட்ட பாதையைக் காடு மூடிவிடும். போகாமல் விட்ட நிலத்தை வேறு யாராவது கேட்பார்கள். பிறேக் பிடிக்கும், சூடேறாத, திரும்பி வரும் என்று நம்பக்கூடிய ஒரு வண்டி இருந்தால், பட்டிக்குக் காலையில் போய்ப் பால் பழுதாகும் முன் வீதிக்கு வரலாம். வாங்குவதற்கு வைத்திருக்கும் காசு முழுவதையும் வாங்கும்போதே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது பிறேக்குக்கும் றேடியேற்றருக்கும் ஒதுக்கி வையுங்கள்.