கூரையின் வெப்பமும் சாதியும்: தானே குளிரும் பொருள்கள் யாருக்கு?

கோடை இரவில் பத்து மணிக்குக் காலனித் தொகுப்பு வீடொன்றில் நுழைந்தவர்கள் அறிவார்கள்: வெயில் மறைந்த பின்னும் வீட்டுக்குள் வெயில் இருக்கிறது. தெருவில் காற்று சற்றே ஆறியிருக்க, தலைக்கு மேலுள்ள கான்கிரீட் தளம் பகலெல்லாம் விழுங்கிய வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும். தளத்தின்மேல் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் பதித்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். சிமெண்டு ஷீட்டு வேய்ந்த வீடுகள் இரவில் விரைவாக ஆறிவிடும். ஆனால் நண்பகலில் அவற்றுக்குள் குழந்தையைக் கிடத்த முடியாது.

கூரை நம் மக்களுக்கு ஒருபோதும் வெறும் கட்டடப் பொருளாக இருந்ததில்லை. தீண்டப்படாதோர் செய்தால் குற்றமெனச் சாதி இந்துக்கள் கருதியவற்றை அண்ணல் அம்பேத்கர் பட்டியலிட்டபோது, ஓட்டுக்கூரை வீடு கட்டுவதும் அதில் இடம்பெற்றது. எந்தக் கூரையின்கீழ் யார் வாழலாம் என்பதை ஊர் தீர்மானித்த காலம் அது. இன்று மதிப்பீட்டுத் தாள் தீர்மானிக்கிறது.

இந்தப் பின்னணியில்தான், மின்சாரமின்றி வெப்பத்தைத் தாமே கட்டுப்படுத்தும் பொருள்களைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இவற்றுள் முதன்மையானவை நிலைமாறு பொருள்கள். பனிக்கட்டி உருகும்வரை அதன் வெப்பநிலை உயர்வதில்லை. உள்வாங்கும் வெப்பமெல்லாம் உருகுவதற்கே செலவாகிறது. பள்ளியில் உள்ளுறை வெப்பம் எனப் படித்தது இதுவே. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவையான வெப்பம், அதே அளவு நீரைச் சுமார் 80 டிகிரி சூடேற்றப் போதுமானது. 25 டிகிரிக்குச் சற்று மேல் உருகும் பாரபின் மெழுகையோ உப்பு நீரேற்றுகளையோ சுவரிலும் கூரையிலும் பொதிந்தால், பகலில் அவை உருகி வெப்பத்தை விழுங்கும். இரவில் உறைந்து வெளிவிடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. உருகியது மீண்டும் உறைய இரவு குளிர வேண்டும். சென்னையின் மே மாத இரவுகள் பல, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அங்கே 26 டிகிரியில் உருகும் மெழுகு, உருகியபடியே கிடக்கும். மறுநாள் அதனால் பயனில்லை. ஒசூரில் உதவுவது கடற்கரையில் உதவாமற்போகலாம்.

இரண்டாவது வகை, வெப்பத்தை வானுக்கே திருப்பி அனுப்புவது. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களை வளிமண்டலம் பெரிதும் தடுப்பதில்லை. அவை விண்வெளிக்குத் தப்பிவிடும். 2014இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஸ்வத் ராமன், ஷான்ஹூய் ஃபேன் குழுவினர் உருவாக்கிய மெல்லிய படலம், சூரிய ஒளியில் 97 விழுக்காட்டைப் பிரதிபலித்து, நேரடி வெயிலிலேயே சுற்றுக்காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ந்து நின்றது. 2021இல் பர்டியூ பல்கலைக்கழகம் அறிவித்த பேரியம் சல்பேட் வண்ணப்பூச்சு 98.1 விழுக்காட்டைப் பிரதிபலித்தது. காற்றில் ஈரம் மிகுந்தால் இந்த வானச் சாளரம் பாதி மூடிக்கொள்ளும் என்பதையும் நாம் மறக்கலாகாது. கோடையில் வெப்பத்தை உமிழ்ந்து, குளிரில் தேக்கிவைக்கும் வனேடியம் டை ஆக்சைடு பூச்சுகளும் ஆய்வில் உள்ளன. குளிர்காலமே அறியாத நமது சமவெளிக்கு அவற்றால் பெரும்பயனில்லை.

அப்படியானால் நமக்கு எது? பெரும்பகுதிப் பயனைச் சுண்ணாம்பே தரும். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டபோது, அம்மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது; பின்னர் எளிய மக்களின் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசும் பணியும் அதில் சேர்ந்தது. மழைக்குப்பின் சுண்ணாம்பு கரையும். தூசி படிந்தால் அதன் திறன் குறையும். ஆண்டுதோறும் பூச வேண்டும். கல்நார் ஷீட்டாக இருந்தால் அதைச் சுரண்டித் தேய்க்கக் கூடாது. அதன் இழைகள் நுரையீரலுக்கு நஞ்சு.

ஆனால் சட்டங்கள் யாரைப் பார்க்கின்றன? வீடுகளுக்கான ஒன்றிய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பு 2018இல் வெளிவந்தபோது, 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளையே கருத்தில் கொண்டது. 2023இல் தெலங்கானா அறிவித்த குளிர்கூரைக் கொள்கையும் 600 சதுர கெஜத்துக்குக் குறைந்த தனியார் வீடுகளுக்கு அதை விருப்பத்துக்கு விட்டது. இரண்டுமே ஏறத்தாழ 12 சென்ட். நம் மக்களுக்கு இலவச மனைப்பட்டாவில் கிடைப்பது இரண்டு, மூன்று சென்ட். சிறிய வீட்டாரைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது கனிவாகத் தோன்றலாம். செலவை அரசு ஏற்காமல் விருப்பத்துக்கு விடுவது கனிவன்று, கைகழுவல்.

தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டென்றது. இறந்தபின் தரும் அத்தொகையில் எத்தனை கூரைகளுக்கு வெள்ளையடிக்கலாம் என்று கிராம சபையில் நாம் கேட்கலாம். அரசு வீட்டுத் திட்டங்களின் மதிப்பீட்டிலேயே தளத்தின் மேற்பூச்சு ஓர் இனமாகச் சேர்க்கப்பட வேண்டும் என்றும் கேட்கலாம். பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வு அடுக்குமாடிகளில் கேள்வி இன்னும் சிக்கலானது: அங்கே வெப்பத்தை முழுதும் சுமப்பது மேல்மாடி வீடு, மொட்டைமாடியோ எந்த ஒரு குடும்பத்துக்கும் உரியதன்று.